வெற்றிட உணரி: சரியாகப் பொருத்தினால்தான் உண்மை சொல்லும்

1650-களில் ஜெர்மனியின் மக்டெபர்க் நகர மேயராக இருந்தவர் ஓட்டோ ஃபொன் கெரிக்கே. சுமார் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு செப்பு அரைக்கோளங்களை வாயோடு வாய் சேர்த்து, தாமே உருவாக்கிய பம்ப்பால் உள்ளிருந்த காற்றை வெளியேற்றிக் காட்டினார். இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவை எளிதில் பிரியவில்லை. அவற்றை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தது வெளிக்காற்றின் அழுத்தம். 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தின் மீது அது ஏறக்குறைய 2 டன் எடைக்குச் சமமான விசையைச் செலுத்துகிறது.

இயந்திர உதிரிபாகங்களைக் கடினப்படுத்தும் வெற்றிட உலையின் கதவு மீதும் இதே விசைதான் அழுத்துகிறது. உலையில் வேலை செய்பவர் கதவை எப்போது திறக்கலாம், சூடாக்கும் மின்சாரத்தை எப்போது கொடுக்கலாம், ஆர்கான் வாயுவை எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுப்பது பேனலில் தெரியும் ஓர் எண்ணைப் பார்த்துத்தான். அந்த எண்ணைத் தருவது கைக்குள் அடங்கும் ஒரு வெற்றிட உணரி. பட்டறை மொழியில் சொன்னால், வேக்குவம் சென்சார்.

பல கருவிகள் பழுதானால் நின்றுவிடும்; பழுது நமக்குத் தெரிந்துவிடும். வெற்றிட உணரியைத் தவறாகப் பொருத்தினாலோ தவறாக ஒயர் இணைத்தாலோ அது பெரும்பாலும் நிற்பதில்லை. நம்பத் தகுந்த ஒரு பொய் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த வேலையில் பாதுகாப்பு என்பது ஷாக் அடிக்காமல் பார்த்துக்கொள்வதோடு முடிவதில்லை. உணரி பொய் சொன்னால் அது உடனே வெளிப்பட வேண்டும். வெளிப்படாவிட்டாலும் ஆபத்து நேரக் கூடாது. இந்த இரண்டையும் உறுதி செய்வதுதான் பாதுகாப்பான பொருத்துதல்.

உணரி எதை அளக்கிறது?

வெற்றிட உணரிகளில் மூன்று வகைகள் பரவலாக உள்ளன. மூன்றும் அளப்பது மூன்று வெவ்வேறு விஷயங்களை.

முதல் வகை, சவ்வு உணரி. மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் உலையின் அழுத்தம் படும். அழுத்தத்துக்கு ஏற்பச் சவ்வு வளையும். சிலிக்கானை வளைத்தால் அதன் மின்தடை வெகுவாக மாறும் என்பதை 1954-இல் பெல் ஆய்வகத்தின் சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். விலை குறைந்த இன்றைய அழுத்த உணரிகளில் பெரும்பாலானவை அந்தப் பண்பைப் பயன்படுத்துபவை. சாதாரணக் காற்றழுத்தத்திலிருந்து சில மில்லிபார் வரை இவை நன்றாக வேலை செய்யும். சவ்வின் அசைவை மின்தேக்குதிறனாக மாற்றி அளக்கும் உயர்தர வகைகள் இன்னும் பல மடங்கு கீழே போகும். இந்த வகை அளப்பது உண்மையான விசையை. எனவே உள்ளே இருப்பது எந்த வாயுவாக இருந்தாலும் அளவு மாறாது.

இரண்டாவது, பிரானி உணரி. ஜெர்மனியில் மின்விளக்குத் தயாரிப்பில் பணியாற்றிய மார்செல்லோ பிரானி 1906-இல் இதை வெளியிட்டார். மின்சாரத்தால் சூடாக்கிய மெல்லிய கம்பியிலிருந்து வாயு மூலக்கூறுகள் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றன. வாயு குறையக் குறைய, கம்பி இழக்கும் வெப்பமும் குறையும். இந்த வெப்ப இழப்பை அளந்து அழுத்தத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது பிரானி உணரி. சாதாரணக் காற்றழுத்தத்திலிருந்து ஒரு மில்லிபாரின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை இதற்கு எல்லை.

மூன்றாவது, அயனி உணரி. பிரானியின் எல்லைக்கும் கீழே, சவ்வை வளைக்கவோ கம்பியைக் குளிர்விக்கவோ போதிய மூலக்கூறுகள் இருப்பதில்லை. மிச்சமிருக்கும் மூலக்கூறுகளை எலக்ட்ரான்களால் மோதி அயனியாக்கி, அந்த அயனி மின்னோட்டத்தை அளக்கிறோம். ஒளிரும் இழை கொண்ட வகையில் உள்ளிருக்கும் கிரிட் சுமார் 180 வோல்ட்டில் இருக்கும். 1937-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தின் ஃபிரான்ஸ் பென்னிங் உருவாக்கிய குளிர் கேத்தோடு வகையில் இழை கிடையாது. அதற்குப் பதிலாகக் காந்தமும் சில ஆயிரம் வோல்ட்டும் உண்டு.

ஆழமான வெற்றிடத்தில் இயங்கும் உலையில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கும். எந்த எண்ணை எந்த உணரி தருகிறது என்று இயக்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏமாற்றும் விதம் வேறு.

எதிலிருந்து கணக்கு?

உணரியை வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது முழு வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளக்கிறதா, சுற்றியுள்ள காற்றழுத்தத்தைச் சுழியாகக் கொண்டு அளக்கிறதா? முதலாவது தனி அழுத்தம். இரண்டாவது அளவி அழுத்தம், மைனஸ் 0.75 பார் என்று காட்டுவது இந்த வகை.

சென்னையில் காற்றழுத்தம் சுமார் 1010 மில்லிபார். அங்கே மைனஸ் 0.75 பார் என்றால் உள்ளே இன்னும் 260 மில்லிபார் வாயு மிச்சமிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தமே 775 மில்லிபார் அளவில்தான். அங்கே அதே மைனஸ் 0.75 பார் என்றால் மிச்சம் ஏறக்குறைய 25 மில்லிபார். ஒரே எண்ணுக்குப் பத்து மடங்கு வித்தியாசம். சென்னையில் எழுதிய இயக்கக் குறிப்பில் மைனஸ் 0.9 பார் வரும் வரை காத்திருக்கவும் என்று இருந்தால், உதகையில் எவ்வளவு நல்ல பம்ப் ஓடினாலும் அந்த எண் வரவே வராது.

மலை ஏறித்தான் இந்தச் சிக்கலைச் சந்திக்க வேண்டும் என்பதில்லை. சமவெளியிலும் காற்றழுத்தம் நாளுக்கு நாள் சில மில்லிபார் ஏறி இறங்கும். புயல் நெருங்கினால் இன்னும் விழும். நமக்குத் தேவையான வெற்றிடமே ஒரு மில்லிபார் என்றால், அளவி அழுத்த உணரி அந்த வேலைக்கு உதவாது. தனி அழுத்த உணரிதான் வேண்டும்.

அலகையும் இங்கேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரு மில்லிபார் என்பது 100 பாஸ்கல். ஒரு டார் என்பது 1.33 மில்லிபார். ஏ.சி. மெக்கானிக்குகள் சொல்லும் 500 மைக்ரான் என்பது அரை டார். பேனல் பாஸ்கலில் காட்டும் எண்ணை மில்லிபார் என்று படித்தால் தவறு நூறு மடங்கு. எந்த அலகு என்பதைப் பேனல் முகப்பிலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

ஆர்கான் எங்கே ஏமாற்றுகிறது?

பிரானி உணரிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது நைட்ரஜனுக்கு அளவுதிருத்தம் செய்யப்பட்டிருக்கும். காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன் என்பதால் காற்றுக்கும் அது பொருந்தும். ஆர்கான் வேறு மாதிரி. அது நைட்ரஜனைவிட மோசமான வெப்பக் கடத்தி. ஒரே அழுத்தத்தில் ஆர்கான் எடுத்துச் செல்லும் வெப்பம் குறைவு என்பதால், உள்ளே இருப்பதைவிடக் குறைந்த அழுத்தம் இருப்பதாகவே பிரானி கணக்கிடும்.

ஆழமான வெற்றிடத்தில் இந்தப் பிழை சிறியது, சுமார் 1.7 மடங்கு பெருக்கினால் சரியாகிவிடும். சாதாரணக் காற்றழுத்தத்தை நெருங்கும்போது பிழை பூதாகரமாகிறது. வெப்பச் சலனத்தைப் பயன்படுத்தும் பிரானி உணரிகளில், உள்ளே உண்மையில் 760 டார் ஆர்கான் நிரம்பியிருக்கும்போது திரையில் தெரிவது 20 முதல் 30 டார் மட்டுமே. உலையை ஆர்கானால் நிரப்பும் ஒருவர் 760 என்ற எண்ணுக்காகக் காத்திருந்தால், அந்த எண் வருவதற்கு வெகு முன்பே உலைக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்.

வெற்றிட உலையின் கதவை மூடி வைத்திருப்பது பெரும்பாலும் வெளிக்காற்றின் விசைதான். உள்ளிருந்து வெளியே தள்ளும் விசையைத் தாங்கும்படி எல்லாக் கதவுகளும் கட்டப்படுவதில்லை. உள்ளழுத்தம் அரை பார் கூடினால் 50 சென்டிமீட்டர் கதவை ஒரு டன் விசை வெளியே தள்ளும். கண்ணாடிச் சாளரங்களும் கிளாம்ப்புகளும் தெறித்துப் பறக்க அது போதும்.

இதற்குத் தீர்வு இரண்டு, இரண்டும் வேண்டும். காற்றழுத்தத்துக்கு அருகே, வாயுவைச் சாராத சவ்வு உணரியை மட்டுமே நம்ப வேண்டும். அத்துடன், எந்த உணரியையும் எந்த ஒயரையும் சாராமல் தானே திறக்கும் அழுத்த விடுவிப்பு வால்வு ஒன்று அறையில் இருக்க வேண்டும். உணரி சொன்னால் திறக்கும் வால்வு போதாது. உணரி பொய் சொல்லும்போதும் திறப்பதுதான் பாதுகாப்பு வால்வு.

ஹைட்ரஜன் பயன்படுத்தும் உலைகளில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அயனி உணரியின் ஒளிரும் இழை, காற்றும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைப் பற்றவைக்கக்கூடியது. அந்த இடத்துக்கென அனுமதிக்கப்பட்ட உணரியைத் தவிர வேறு எதையும் பொருத்தக் கூடாது.

பொருத்தும் இடமும் முறையும்

உணரியை எங்கே வைக்கிறோமோ அந்த இடத்தின் அழுத்தத்தைத்தான் அது சொல்லும். பம்ப்பின் வாயருகே பொருத்தினால் பம்ப் எவ்வளவு நன்றாக இழுக்கிறது என்று தெரியும். உலைக்குள் பாகம் இருக்கும் இடத்தின் நிலை தெரியாது. ஆழமான வெற்றிடத்தில் வாயு ஆறு போல ஓடாது. மூலக்கூறுகள் குழாய்ச் சுவர்களில் மோதி மோதித்தான் நகரும். ஆகவே நீளமான குறுகிய குழாய் பெருந்தடை. உலையின் அறைச் சுவரில், முடிந்தவரை குட்டையான, அகலமான இணைப்பில் உணரியைப் பொருத்த வேண்டும். வாயு உள்ளே நுழையும் குழாய்க்கு நேர் எதிரே வைக்கக் கூடாது. அங்கே பாயும் வாயு தவறான அளவைத் தரும்.

உணரியின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, அதாவது உணரி அறையின் மேல்பக்கம் நிற்கும்படி வைப்பது நல்லது. எண்ணெயும் ஈரமும் உலோகத் தூளும் அதற்குள் விழாது. வெப்பச் சலனம் கொண்ட பிரானி வகைகளை மட்டும் தயாரிப்பாளர் சொன்ன கோணத்தில்தான் வைக்க வேண்டும். சலனம் ஈர்ப்புவிசையைப் பொறுத்தது. சாய்த்து வைத்தால் காற்றழுத்தத்துக்கு அருகே அளவு மாறும்.

சிறிய உலைகளில் பெரும்பாலும் கே.எஃப். வகை இணைப்பு இருக்கும். நடுவே மையப்படுத்தும் வளையம், அதன் மேல் ரப்பர் ஓ-ரிங், வெளியே கிளாம்ப். ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி படிந்திருந்தாலும் கசிவு வரும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கையுறையோடு மாட்டுங்கள். விரல் ரேகையில் படியும் எண்ணெய்கூட வெற்றிடத்தில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கிளாம்ப்பின் திருகைக் கையால் இறுக்கினால் போதும்.

ஆழமான வெற்றிடத்துக்கான உலோக இணைப்பில் செப்பு வளையம் நசுங்கி அடைப்பாகிறது. கழற்றும் ஒவ்வொரு முறையும் புது வளையம் போட வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக இறுக்கினால் வளையம் சாய்ந்து கசியும்.

மரை வைத்த உணரி என்றால், அதன் கீழ்ப்பகுதியிலுள்ள அறுகோணத்தில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்ப வேண்டும். மேலே உள்ள மின்னணுப் பெட்டியைப் பிடித்துத் திருப்பினால் உள்ளிருக்கும் இணைப்புகள் முறுக்கி அறுந்துபோகும். டெஃப்லான் டேப் சுற்றும்போது முதல் இரண்டு மரைகளை விட்டுச் சுற்றுங்கள். டேப் துணுக்கு உணரியின் துளையை அடைத்தால் அழுத்தம் மாறினாலும் எண் மெதுவாகவே நகரும். எந்தக் காரணத்துக்காகவும் ஊசியாலோ கம்பியாலோ சவ்வைத் தொடக் கூடாது.

எர்த் இல்லாத உலை உயிருக்கு ஆபத்து

அயனி உணரி உள்ள எந்த அமைப்பிலும் எர்த்தை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். இதற்குக் காரணம் வெற்றிடத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

நல்ல வெற்றிடம் மின்சாரத்தைக் கடத்தாது. சாதாரணக் காற்றழுத்தத்தில் உள்ள காற்றும் 180 வோல்ட்டைக் கடத்தாது. இரண்டுக்கும் நடுவே, அழுத்தம் ஓரளவு ஏறிய நிலையில், வாயு அயனியாகி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உணரி இயங்கும்போது கசிவாலோ வால்வு திறந்ததாலோ அழுத்தம் ஏறினால், உணரிக்குள் இருக்கும் ஆபத்தான மின்னழுத்தம் வாயு வழியாக அறையின் உலோகத்துக்கு வந்து சேர முடியும். அந்த உலோகம் எர்த்தோடு இணையாமல் மிதந்துகொண்டிருந்தால், அதைத் தொடும் மனிதரே எர்த்துக்குப் போகும் பாதை ஆகிவிடுவார். ஒயர் எதுவும் தொடாமலே, இன்சுலேஷன் எதுவும் கிழியாமலே இது நேரும்.

உலோகத்தோடு உலோகம் சேர்ந்திருப்பதால் எர்த் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. ஓ-ரிங் ரப்பர், மின்சாரத்தைக் கடத்தாது. பிளாஸ்டிக் கிளாம்ப்பும் கடத்தாது. டெஃப்லான் டேப் சுற்றிய மரை எப்போது கடத்தும், எப்போது கடத்தாது என்று சொல்லவே முடியாது. ரப்பர் கால்களில் நிற்கும் அறை தரையிலிருந்து முழுக்கத் துண்டிக்கப்பட்டது.

ஆகவே அறை, கதவு, பம்ப், உணரியின் உடல், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் பச்சை-மஞ்சள் ஒயர் ஒரே எர்த் பட்டைக்கு வர வேண்டும். எர்த் அமைப்புக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 3043 என்ற தரவிதி உள்ளது. ஒயர் போட்ட பிறகு மின்சாரம் இல்லாத நிலையில் மல்டிமீட்டரால் உணரியின் உடலுக்கும் எர்த் பட்டைக்கும் இடையே தடையைப் பாருங்கள். ஓரிரு ஓமுக்கு மேல் காட்டினால் உணரிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது.

அயனி உணரியின் கேபிளை மின்சாரம் இருக்கும்போது மாட்டவோ கழற்றவோ கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டி, வேலை நடக்கிறது என்ற அட்டையைத் தொங்கவிட்டு, மீட்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே தொட வேண்டும். ஒயரின் இன்சுலேஷனை மெகரால் சோதிப்பதாக இருந்தால் முதலில் உணரியைக் கழற்றிவிடுங்கள். மெகர் செலுத்தும் 500 வோல்ட் உணரியின் மின்னணுச் சுற்றை ஒரே நொடியில் எரித்துவிடும்.

இரண்டு ஒயர், 4 முதல் 20 மில்லியாம்பியர்

தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் சவ்வு உணரிகள் இரண்டு ஒயரில் வேலை செய்பவை. 24 வோல்ட் டி.சி. மின்சாரம் போகும் அதே ஒயர்களில்தான் அளவும் திரும்பி வருகிறது. 1000 மில்லிபார் வரை அளக்கும் உணரியில், தனி அழுத்தம் சுழி என்றால் 4 மில்லியாம்பியர். 1000 மில்லிபார் என்றால் 20 மில்லியாம்பியர்.

சுழிக்கு ஏன் 4? ஒயர் அறுந்தால் மின்னோட்டம் சுழியாகும். அளவின் சுழியும் மின்னோட்டத்தின் சுழியும் வேறு வேறாக இருப்பதால், அறுந்த ஒயரை முழு வெற்றிடத்திலிருந்து பிரித்தறிய முடிகிறது. பிரித்தறியும்படி பேனலில் நாம் அமைத்தால்தான் இந்தப் பயன் கிடைக்கும். சில பேனல்கள் 4-க்குக் கீழே எது வந்தாலும் சுழி என்றே காட்டும். அப்போது அறுந்த ஒயர் மிகச் சிறந்த வெற்றிடமாகத் தெரியும். 3.6 மில்லியாம்பியருக்குக் கீழேயும் 21-க்கு மேலேயும் போனால் பழுது என்று அறிவிக்கும்படி அமைப்பது தொழில்துறையில் நிலைபெற்ற வழக்கம்.

அடுத்து வருவது வோல்ட் கணக்கு. உணரி வேலை செய்யக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 24-இல் மிச்சம் 12 வோல்ட். 20 மில்லியாம்பியர் ஓட அந்த 12 வோல்ட் 600 ஓம் வரைதான் தாங்கும். பேனலின் உள்ளீட்டுத் தடை 250 ஓம் என்றால் கவலையில்லை. அதே சுற்றில் இன்னொரு டிஸ்ப்ளேயும் பாதுகாப்புத் தடுப்பும் சேர்த்து மொத்தம் 800 ஓம் ஆனால், மின்னோட்டம் 15 மில்லியாம்பியரைத் தாண்ட முடியாது. அதன் பொருள்: வெற்றிடத்தில் எல்லாம் சரியாகத் தெரியும், அழுத்தம் ஏறும்போது மட்டும் எண் சுமார் 690 மில்லிபாரில் நின்றுவிடும். ஆர்கான் வால்வை 1000 மில்லிபாரில் மூடும்படி அமைத்திருந்தால் அது மூடவே மூடாது. நல்ல சவ்வு உணரியும், ஒரே ஒரு கூடுதல் டிஸ்ப்ளேயால், ஆர்கானில் மாட்டிய பிரானியைப் போலவே பொய் சொல்லும்.

வோல்ட்டில் பேசும் உணரி

பிரானி, அயனி வகைகள் பெரும்பாலும் 0 முதல் 10 வோல்ட் வரையிலான சமிக்ஞையைத் தருபவை. அழுத்தம் கோடி மடங்கு மாறக்கூடியது என்பதால் மடக்கை முறையில், அழுத்தம் பத்து மடங்கு மாறினால் ஒரு வோல்ட் மாறும்படி பல உணரிகள் அமைக்கப்படுகின்றன. இங்கே சிறிய வோல்ட் பிழை பெரிய அழுத்தப் பிழையாகும். 0.1 வோல்ட் தவறினால் அழுத்தம் 26 சதவீதம் தவறும். 0.3 வோல்ட் தவறினால் இரண்டு மடங்கு.

அந்த 0.1 வோல்ட் எங்கிருந்து வரும்? 0.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் 15 மீட்டர் நீளம் இருந்தால் அதன் தடை சுமார் அரை ஓம். உணரி 200 மில்லியாம்பியர் எடுத்து அந்த ஒயர் வழியே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால், அதிலேயே 0.1 வோல்ட் விழுந்துவிடும். சமிக்ஞையையும் அதே ஒயரை அடிப்படையாக வைத்து அளந்தால் பேனலில் அழுத்தம் 26 சதவீதம் கூடுதலாகத் தெரியும். பல உணரிகளில் மின்சாரம் திரும்ப ஒரு பின், சமிக்ஞை திரும்ப வேறொரு பின் என்று தந்திருப்பது இதைத் தவிர்க்கத்தான். இரண்டும் ஒரே நெகட்டிவ்தானே என்று உணரியின் வாயிலேயே முறுக்கி ஒன்றாக்கிவிடாதீர்கள். தனித்தனி ஒயரில் பேனல் வரை கொண்டுவாருங்கள்.

இந்த வகையில் ஒயர் அறுந்தால் உள்ளீடு சுழி வோல்ட்டுக்கு இறங்கலாம்; குறைந்த வோல்ட் என்றால் குறைந்த அழுத்தம். அறுந்த ஒயர் ஆழமான வெற்றிடம் போலத் தோன்றும் ஆபத்து இங்கே அதிகம். அந்த உணரி எந்த வோல்ட்டிலிருந்து எந்த வோல்ட் வரை உண்மையான அளவைத் தருகிறது என்று கையேட்டில் பார்த்து, அந்த எல்லைக்கு வெளியே வந்தால் பழுது என்று பேனலில் அமைக்க வேண்டும்.

கேபிள் முறுக்கிய இணையாகவும் ஷீல்டு உள்ளதாகவும் இருக்கட்டும். பொதுவாக ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்து, உணரி பக்கம் இன்சுலேட் செய்து விடுவார்கள். இருபுறமும் எர்த் செய்தால் இரண்டு எர்த்துக்கும் இடையிலான வேறுபாடு ஷீல்டில் மின்னோட்டமாக ஓடும். கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டைப் பின்பற்றுங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவின் கேபிளோடு உணரி கேபிளை ஒரே தட்டில் போடக் கூடாது. குறைந்தது ஓர் அடி விலக்கி, குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள்.

ஒயரின் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ் என்பது பரவலான வழக்கம். எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைப் பின்பற்றுவதில்லை. அந்த மாடலின் கையேட்டிலுள்ள பின் எண்ணே இறுதி. 24 வோல்ட் சப்ளை, 230 வோல்ட்டிலிருந்து முழுமையாகப் பிரிக்கப்பட்ட தரமான அடாப்டராக இருக்க வேண்டும். உணரிக்குத் தனி ஃபியூஸ் போட்டால் ஒரு ஷார்ட் முழு பேனலையும் அணைத்துவிடாது.

பழுதானாலும் பாதுகாப்பு

வெற்றிட உலையில் உணரி சொன்னபடி சில ரிலேக்கள் இயங்கும். அழுத்தம் போதுமான அளவு இறங்கியபின்தான் அயனி உணரியின் இழைக்கும் ஹீட்டருக்கும் மின்சாரம் போக வேண்டும். டிஃப்யூஷன் பம்ப் இருந்தால் இது இன்னும் முக்கியம். அதற்குள் எண்ணெய் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வால்வு தவறாகத் திறந்து காற்று உள்ளே போனால் எண்ணெய் கெட்டுப்போகும்; ஹைட்ரோகார்பன் வகை எண்ணெய் என்றால் தீப்பிடித்து வெடிக்கவும் கூடும்.

இத்தகைய ரிலேக்களை, எல்லாம் சரியாக இருக்கும்போது மின்சாரம் பெற்று இழுத்த நிலையில் இருக்கும்படி இணைக்க வேண்டும். ஒயர் அறுந்தாலும், சப்ளை போனாலும், ஃபியூஸ் எரிந்தாலும் ரிலே விழும். ரிலே விழுந்தால் ஹீட்டர் அணையும், வால்வு மூடும். பழுது எப்போதும் பாதுகாப்பான பக்கமாகச் சாய வேண்டும். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. ரிலேயின் எந்த முனையில் ஒயரை இணைக்கிறோம் என்பது மட்டுமே வித்தியாசம்.

முதல் ஓட்டத்துக்கு முன்

இணைப்பு முடிந்ததும் உலையைத் திறந்து வைத்தே உணரிக்கு மின்சாரம் கொடுங்கள். சவ்வு உணரி அன்றைய உள்ளூர்க் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அளவையோ ஒயரையோ சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

பிறகு பம்ப்பை ஓட்டி, எட்ட வேண்டிய வெற்றிடம் வந்ததும் பம்ப்புக்கும் உலைக்கும் நடுவே உள்ள வால்வை மூடி, அழுத்தம் ஏறும் வேகத்தைக் கவனியுங்கள். 200 லிட்டர் அறையில் பத்து நிமிடத்தில் 0.01 மில்லிபார் ஏறினால், நொடிக்கு 0.0033 மில்லிபார்-லிட்டர் வாயு உள்ளே சேர்கிறது என்று பொருள். நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது. முதலில் வேகமாக ஏறிப் பிறகு தணிந்து நின்றால், சுவரில் ஒட்டியிருந்த ஈரமும் எண்ணெயும் ஆவியாகின்றன. முதலாவதற்கு ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டும்; இரண்டாவதற்கு உலையைச் சுத்தம் செய்து சூடேற்ற வேண்டும். இந்த முதல் நாள் அளவைத் தேதியோடு பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து உணரி கெட்டதா, உலை கெட்டதா என்ற கேள்வி எழும்போது அந்த ஒரு வரிதான் பதில் சொல்லும்.

கடைசியாக ஒரு சோதனை. பலரும் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். செய்ய ஐந்து நிமிடம் போதும். உலை குளிர்ந்த நிலையில், கையேடு அனுமதிக்கும் 24 வோல்ட் உணரிகளின் சமிக்ஞை ஒயரைப் பேனல் டெர்மினலில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அயனி உணரியின் உயர் மின்னழுத்தக் கேபிளை மட்டும் இந்தச் சோதனைக்குக் கொண்டுவராதீர்கள். ஒவ்வொரு முறையும் பழுது மணி ஒலிக்கிறதா? ரிலே விழுகிறதா? ஆர்கான் வால்வு மூடுகிறதா? ஒயர் இல்லாமலும் பேனல் ஓர் அழகான எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால், அந்த உலையைச் சூடாக்க வேண்டாம். அது சரியாகும் வரை அந்தப் பேனலின் எந்த எண்ணையும் நம்பி ஒருவரையும் அதன் கதவருகே நிற்க விடாதீர்கள்.